வலது கண் ஒருத்தி, இடது கண் ஒருத்தி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தெருவிலும், வேலை செய்த இடத்திலும், பின்னால் வானம் பார்க்கிற கூட்டத்திலும் அவள் பல்லக்காதான். பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, உடைந்த பல்லுக்கு உறை, விழுந்த பல்லுக்கு மாற்று என்று செய்து தருவாள். "இந்தத் தெருவுல பாதிப் பேர் சிரிக்கிறது என் சிரிப்பு" என்று சொல்லிக்கொள்வாள். அடக்கம் அவள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போன குணம்.

லேப் என்பது மாடிப்படிக்கு அடியில் தொடங்கி உள்ளே போகப் போக நீளும் ஓர் அறை. ஒரு மூலையில் பீங்கான் சுடும் சின்னச் சூளை, இன்னொரு மூலையில் அரைக்கும் மெஷின். எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும். வடக்கு ஜன்னலோரம் அவள் இடம், முதலாளியோடு மல்லுக்கட்டி வாங்கியது. ட்யூப்லைட்டில் பல்லின் நிறம் பார்ப்பதும் இருட்டில் புடவை எடுப்பதும் ஒன்று என்று சொல்லி, அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த பீரோவை அவளே நகர்த்திப் போட்டாள். முதலாளி வந்து பார்த்தபோது பீரோ அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

பல் வெள்ளை என்று சொல்கிறவர்கள் பல்லைப் பார்த்ததே இல்லை என்பது அவள் கட்சி. மஞ்சள் கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை, லேசாகச் சிவப்போடும் வெள்ளை என்று மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை வைத்திருப்பாள். சிக்கலான ஆட்களை டாக்டர்கள் நேரே லேபுக்கே அனுப்பிவிடுவார்கள். மாதிரியை அவர்கள் பல்லோரம் பிடித்து, ஒரு பார்வை பார்ப்பாள். சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பாள். மறுபடி ஒரு பார்வை.

அப்படித்தான் வாத்தியார் வந்து சேர்ந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர், அவளைவிட இளையவர். படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பாக்குறீங்க, உடனே திரும்பிக்கிறீங்க? அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"உத்துப் பாத்தா கண்ணு சமாதானம் ஆயிடும் தம்பி. ரெண்டும் ஒண்ணுதான், விடுன்னு சொல்லிடும். கண்ணை சமாதானம் ஆக விடக்கூடாது. வாயைத் திறங்க."

வாத்தியார் வாயைத் திறப்பதற்குப் பதிலாகச் சிரித்தார். "நாங்க நட்சத்திரத்தை இப்படித்தான் பாப்போம்."

அந்த ஒரு பேச்சில் பல்லக்காவின் சாயங்காலங்கள் கைமாறின.

அவர் காட்டிய நட்சத்திரம் வயசான சிவப்பு ராட்சசன். சூரியனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தால், நம் பூமியையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். அவ்வளவு பெரியது சும்மாவும் இருப்பதில்லை. துடிக்கிறது. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் ஒரு முறை உப்பி, ஒரு முறை இளைக்கும். உப்பி ஆறுகிற காலத்தில் மங்கி மங்கி, சின்னத் தொலைநோக்கிக்குக்கூடச் சிக்காது. சுருங்கிச் சூடேறும்போது வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் அக்கம்பக்கத்தில் ஒளி மாறாத நட்சத்திரங்கள் உண்டு; ஒவ்வொன்றின் பிரகாசத்தையும் அளந்து எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல், அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் எந்த இடம் என்று பார்த்து ஓர் எண் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பல் செய்கிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுக்கு கேமரா இல்லையா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"இருக்குக்கா. கேமரா பிறக்கிறதுக்கு முன்னாடியே இதை ஜனங்க கண்ணால பாத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் கோடு இன்னும் ஓடிட்டிருக்கு. நடுவுல கண்ணை எடுத்துட்டா பழசும் புதுசும் ஒட்டாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் எவ்வளவு காலம்னு தெரிஞ்சா, அதோட உண்மையான வெளிச்சம் தெரியும், தூரம் தெரியும். அந்தக் காலம் மாறினா, உள்ள ஏதோ மாறுதுன்னு அர்த்தம். பெரிய தொலைநோக்கியெல்லாம் ஒரே நட்சத்திரத்துக்குக் காவல் உக்காராது. நாமதான் உக்காரணும்."

அந்தக் கூட்டத்தில் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. பார்ப்பதற்கு முன்னால் மற்றவர்கள் என்ன எண் சொன்னார்கள் என்று பார்க்கக்கூடாது. சிவப்பு நட்சத்திரம் என்பதால் இன்னொன்றும் உண்டு: உற்றுப் பார்க்கக்கூடாது. பார்க்கப் பார்க்கச் சிவப்பு கண்ணில் ஊறி, இல்லாத பிரகாசம் ஏறிவிடும். எல்லோருடைய எண்களையும் வாத்தியார் வாங்கி, உலகம் முழுக்க இந்த எண்களைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு அனுப்புவார். அங்கே ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு குறியீடு. எந்த எண் யார் கண்ணிலிருந்து வந்தது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

வருஷக்கணக்கில் பார்த்தாள். தங்கையோடு குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில், துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி. தங்கை பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க "உள்ள போ, உள்ள போ" என்று கத்திப் பழகிய தொண்டை. கீழேயிருந்து அவள், "உன் புருஷன் வந்தானா?" என்று கேட்டால் தெருவே நிமிர்ந்து பார்க்கும். "வந்துட்டான், வெளுத்துப் போயிருக்கான்" என்று மேலேயிருந்து பதில் வரும். கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு இந்தக் கேலி பிடித்துத்தான் இருந்தது.

கண்ணில் புரை விழுந்ததைப் பல்தான் காட்டிக்கொடுத்தது. அவள் செய்த முன்பல் ஒன்று திரும்பி வந்தது. பக்கத்துப் பல் வெளுப்பாக இருக்க, இது மட்டும் பழுத்திருந்தது. முதலாளி அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். சும்மா வைத்துவிட்டுப் போனதால் மறுநாளே கண் டாக்டரிடம் போனாள்.

"ரெண்டு கண்ணுலயும் இருக்கும்மா. ரொம்ப நாளா மஞ்சள் கண்ணாடி வழியா உலகத்தைப் பாத்துட்டிருக்கீங்க. முதல்ல இடது, அப்புறம் வலது."

இடது கண்ணுக்கு லென்ஸ் வைத்துக் கட்டுப் பிரித்த அன்று வீட்டில் இருந்த வெள்ளையெல்லாம் நீலமாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடினால் தங்கையின் தலைமுடி வெள்ளி. இடதை மூடினால் அதே முடி பித்தளை. "எது உண்மைடி?" என்று கேட்டாள். "ரெண்டுமே நரைதான், போய்ப் படு" என்றாள் தங்கை.

வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த காலம் முடிந்ததும் மாடிக்குப் போனாள். நட்சத்திரம் ஏறுமுகமாக இருக்க வேண்டிய பருவம் அது. முந்தைய துடிப்புகளை வைத்துப் போட்ட கணக்குப்படி உச்சத்துக்கு இன்னும் பல வாரம் இருந்தது. புதுக் கண்ணால் பார்த்தபோது மங்கலாகப் பட்டது. பார்த்ததைச் சொன்னாள். அடுத்த வாரம் இன்னும் மங்கல். அதற்கடுத்த வாரம் இன்னும். உச்சம் வந்து போய்விட்டது, இறங்குகிறது என்று வாத்தியாருக்குத் தகவல் அனுப்பினாள்.

வாத்தியார் போன் செய்தார். குரலில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அப்போதே அவளுக்குச் சந்தேகம்.

"அக்கா, கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணுக்கு என்ன? நட்சத்திரத்தைக் கேளுங்க."

"அதான்... மத்த எல்லாரும் ஏறிட்டிருக்குன்னு சொல்றாங்க. புது லென்ஸ் நீலத்தை உள்ள விடும். பக்கத்துல இருக்கிற வெள்ளை நட்சத்திரமெல்லாம் பளிச்சுனு தெரியும், சிவப்பு மங்கின மாதிரி இருக்கும். உங்க தப்பு இல்லக்கா. ரெண்டாவது கண்ணும் ஆகட்டும், புதுசா ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் உங்க எண்ணையெல்லாம் அனுப்பாம நிறுத்தி வெச்சிருக்கேன்."

"என் பார்வையை ரிமாண்ட் பண்ணிட்டீங்களா?"

"அப்படி இல்லக்கா..."

"ஜாமீன் எப்போ?"

சிரித்துக்கொண்டே கேட்டாள்; போனை வைத்ததும் சிரிப்பு நின்றது. ஓர் எண் தப்பு என்றால் தப்பு என்று எழுதட்டும். அவள் பார்க்கவே இல்லை என்று எப்படி ஆக்கலாம்? பிறகு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால், பழைய மஞ்சள் கண்ணால், நட்சத்திரத்தைப் பார்த்தாள். புதுக் கண் சொன்ன எண்ணைவிடப் பிரகாசம்தான். வாத்தியார் சொன்னது சரி. ஆனால் அடுத்த வாரமும் அப்படியே பொத்திக்கொண்டு பார்த்தபோது, அந்தக் கண்ணும் இறங்கியிருந்தது.

அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வலது கண்ணுக்குக் குறித்திருந்த தேதியை ரத்து செய்தாள்.

தங்கைக்குத் தெரிந்தபோது சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"உனக்கு மூளை கழண்டுபோச்சா? டாக்டர் என்ன சொன்னாரு? விட்டா கல்லு மாதிரி இறுகிடும்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"அந்தக் கண்ணுதான்டி இத்தனை வருஷமா அதைப் பாத்த கண்ணு. அதை எடுத்துட்டா, நான் சொன்னது சரியா தப்பான்னு சொல்ல வேற சாட்சி இல்ல. நட்சத்திரம் கீழ இறங்கிற வரைக்கும் இந்தக் கண்ணு வேணும்."

"கண்ணு போனா உன் நட்சத்திரம் வந்து கையைப் பிடிச்சு ரோடு கிராஸ் பண்ணி விடுமா? நான்தான் விடணும்!"

"நீ விடு. பஸ் நிறைய ஜனத்தையே இழுத்துட்டுப் போனவ, என் ஒருத்தியை விட மாட்டியா?"

தங்கை எழுந்து போய்விட்டாள். பல நாள் அக்காவிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருந்தது.

லேபில் நிறம் பார்க்கிற வேலையைப் பல்லக்கா தானாகவே விட்டுக்கொடுத்தாள். ஒரு கண் வெள்ளி, ஒரு கண் பித்தளை என்று இருக்கும்போது மற்றவர்களுடைய பல்லில் விளையாடக்கூடாது என்று முதலாளியிடம் அவளே போய்ச் சொன்னாள். அரைப்பதும் மெருகேற்றுவதும் அவளுக்கு. வடக்கு ஜன்னலோரம் வேறொருவர் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பார்க்காமலேயே வேலை செய்தாள்.

கூட்டம் மாதம் ஒரு முறை கல்லூரி ஆய்வகத்தில், ஞாயிறு மத்தியானம் கூடும். அந்த மாதம் பல்லக்கா முதல் ஆளாகப் போய் முன்வரிசை ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாத்தியார், மருந்துக்கடைக்காரர், இன்னும் சிலர். எல்லோரும் கண்ணைப் பற்றி விசாரித்தார்கள். நட்சத்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"சரி, நானே ஆரம்பிக்கிறேன்" என்றாள். "என் எண்ணையெல்லாம் அனுப்பணும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, இங்க எல்லாரும் ஏறுதுங்கிறாங்க. நீங்க ஒருத்தர் இறங்குதுங்கிறீங்க."

"எல்லாரும் சேர்ந்து சொன்னா நட்சத்திரம் பயந்துக்குமா?"

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். வாத்தியார் சிரிக்கவில்லை. "தனியா சொல்றது தப்பில்லக்கா. ஆபரேஷன் பண்ணின கண்ணோட தனியா சொல்றீங்களே, அதான் யோசிக்கிறேன். இதை நான் அனுப்பினா, நாளைக்கு யாரோ ஒருத்தர் இதை நம்பிக் கணக்குப் போடுவாங்க. அவங்களுக்கு உங்க கண்ணு கதை தெரியாது."

அது நியாயமான பேச்சு. பல்லக்காவுக்கும் அது தெரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"புது லென்ஸ் ஒரு தடவைதானே மங்க வைக்கும்? வாரா வாரம் எப்படி மங்க வைக்கும்?"

"ஆபரேஷன் பண்ணின கண்ணு நிதானத்துக்கு வர நாளாகும். வீக்கம் வடிய வடிய, நீலம் இன்னும் தெளிவாகும். அதனாலயும் படிப்படியா மங்கலாம்."

"சரி. அதை விடுங்க. பழைய கண்ணு? அதுல கத்தி படல. புரை முத்திட்டே போகுது. முத்தினா மஞ்சளாகும், மஞ்சளானா வெள்ளை நட்சத்திரமெல்லாம் அமுங்கும், சிவப்பு தூக்கிக் காட்டும். அந்தக் கண்ணுக்கு இது ஏறணும். அதுலயும் இறங்குதே தம்பி, ஏன்?"

வாத்தியார் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே பிடித்தபடி நின்றார். "ரெண்டு கண்ணாலயும் தனித்தனியா பாத்தீங்களா?"

"பின்ன? ஒண்ணைப் பொத்திட்டு ஒண்ணு. ஒண்ணு சொன்னதை இன்னொண்ணுகிட்ட சொல்லல."

"அதெப்படிக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர், "ஒரே மண்டைக்குள்ள இருக்கிற ரெண்டு கண்ணுக்கு ரகசியம்?"

"அதுவும் நியாயம்தான். அதுக்குத்தான் வலதை ஒரு நாள், இடதை மறுநாள்னு மாத்திப் பாத்தேன். முழுசா மறந்தேன்னு சொல்ல மாட்டேன். அந்தக் குறையையும் சேர்த்து எழுதுங்க. எதை வேணா எழுதுங்க. எழுதாம விடாதீங்க."

"எப்படி எழுதறது?" வாத்தியாரின் குரல் இறங்கியிருந்தது. "உங்க குறியீட்டுல ரெண்டு வித எண்ணு போனா, பாக்கிறவங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது."

"ரெண்டு பேரா எழுதுங்க. வலது கண்ணு ஒருத்தி, இடது கண்ணு ஒருத்தி. ஆளுக்கொரு குறியீடு."

அறையில் சிரிப்பு கிளம்பியது. மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டினார். "அப்ப எனக்கும் ரெண்டு குறியீடு வேணும் சார்!"

"ரெண்டு கண்ணும் ரெண்டு விதமா பாத்தா வாங்கிக்கோங்க" என்றாள் பல்லக்கா. "உங்களுக்கு ரெண்டும் பக்கத்து ஆள் முகத்தைப் பாத்துதானே எண்ணு சொல்லுது."

சிரிப்பு அடங்கியது. அது கொஞ்சம் அதிகப்படிதான். வீட்டுக்கு வரும் வழியில் அவளே நினைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பப் பெறவில்லை.

வாத்தியார் மட்டும் சிரிக்காமல் கரும்பலகைக்குப் போய் இரண்டு கோடு போட்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டும் சரிந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுப் பாக்கிறேன்க்கா" என்றார். "குடுக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். ஆளுக்கு ஒண்ணுங்கிறதுதான் சட்டம்."

"சட்டம் போட்டவங்களுக்கு ரெண்டு கண்ணும் ஒரே நிறம் போல. சொல்லிப் பாருங்க."

பதில் வர நாளானது. முதல் பதில் முடியாது என்று வந்தது. வாத்தியார் மறுபடி எழுதினார். இந்த முறை கண்புரை, லென்ஸ், நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் விளக்கி, இப்படி ஒருவர் தன் இரண்டு கண்ணையும் தனித்தனியாக நமக்குக் கொடுக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது என்று எழுதினார். அதற்குச் சரி என்று பதில் வந்தது. வலது கண் பழைய குறியீட்டிலேயே இருந்தது. இடது கண் புது ஆள் ஆனது. நிறுத்தி வைத்திருந்த எண்களும் போய்ச் சேர்ந்தன.

அதற்குள் மற்றவர்களின் எண்களும் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு போட்டபோது உச்சம் கணக்குக்கு முன்னதாகத்தான் வந்திருந்தது. ஆனால் பல்லக்கா சொன்ன அளவுக்கு முன்னதாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. அவளுடைய புதுக் கண் தொடக்கத்தில் அளவுக்கு மீறி மங்கல் காட்டியிருந்தது, வாத்தியார் சொன்ன மாதிரியே.

"பாதி நீங்க சரி, பாதி நான் சரி" என்றார் அவர்.

"நான் சரின்னு எப்போ சொன்னேன்? பாத்தேன்னு சொன்னேன்."

அடுத்த முறை நட்சத்திரம் எந்தச் சேட்டையும் செய்யாமல் குறித்த காலத்துக்கே உச்சத்துக்கு வந்தது. முன்னதாக வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. இந்த ரக நட்சத்திரங்கள் அவ்வப்போது இப்படி முன்பின் ஆவது வழக்கம்தான். "என்னக்கா, உங்க ஆளு ஒழுங்கா வந்துட்டானே" என்று மருந்துக்கடைக்காரர் சீண்டினார். "வந்தான்னு எழுதுங்க. வராதப்ப வரலைன்னு எழுதுங்க. அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்" என்றாள்.

வலது கண்ணை, முன்னதாக வந்த அந்த முறை நட்சத்திரம் முழுக்க இறங்கி மறைந்த பிறகுதான் டாக்டரிடம் கொண்டுபோயிருந்தாள். டாக்டர் வாயில் வந்தபடி திட்டினார். புரை இறுகிப்போயிருந்ததால் ஆபரேஷன் இழுத்தது. வெளியே பெஞ்சில் தங்கை டிக்கெட் கிழிக்கிற மாதிரி கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணில் பார்வை வந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு மூட்டம் கடைசிவரை தங்கிவிட்டது. பல் நிறம் பார்க்கும் ஜன்னலோரத்துக்கு அவள் திரும்பவே இல்லை.

"நட்டம் உனக்குத்தான்" என்றாள் தங்கை, ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு.

"எனக்குத்தான். உன்னைக் கேட்டேனா?"

"கையை விடட்டுமா?"

"விடாத."

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து வாத்தியார் பார்க்க வந்தார். இனி இரண்டு கண்ணிலும் லென்ஸ் ஒன்றுதான், ஆகவே இரண்டையும் ஒரே குறியீட்டில் போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுல மூட்டம் இருக்கே தம்பி. அது எப்படி ஒரே ஆளாகும்?"

"அப்ப வலது கண்ணோட பழைய குறியீட்டுலயே..."

"அந்தக் கண்ணுதான் போயிடுச்சே. செத்தவ பேர்ல கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? புதுசா ஒண்ணு வாங்குங்க."

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். வாங்கியும் கொடுத்தார்.

இந்த வருஷம், நட்சத்திரம் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில், பல்லக்கா போய்ச் சேர்ந்தாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் தரவில்லை. தங்கை குரலே எழும்பாமல் உட்கார்ந்திருந்தாள். மடக்கு நாற்காலி மாடியிலேயே நனைந்துகொண்டிருந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு வாத்தியார் உலகத்து எண்களைச் சேர்த்து வைக்கும் அந்த இடத்துக்குத் தகவல் எழுதினார். எங்கள் கூட்டத்தில் மூன்று பார்வையாளர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களின் குறியீடுகள் இவை.

ஒரே நாளில், ஒரே முகவரியில் மூன்று பேரா, ஏதும் பிழையோ என்று கேட்டுப் பதில் வந்தது.

பிழை இல்லை என்று எழுதி அனுப்பினார் வாத்தியார்.